தொட்டுப் பார்த்த காலமும் தொடாமல் பார்க்கும் காலமும்

நாஞ்சில் நாட்டு வீடுகளில் காய்ச்சல் பார்க்க உள்ளங்கையை வைப்பதில்லை. புறங்கைதான். பிள்ளை சுருண்டு படுத்துக்கிடந்தால் ஆச்சி முதலில் நெற்றியில் புறங்கையை வைப்பாள். அடுத்து கழுத்துக்கும் தோளுக்கும் இடையில், பிறகு சட்டையைத் தூக்கி வயிற்றில். கடைசியாக உள்ளங்காலைப் பிடித்துப் பார்ப்பாள். வயிறு காய்ந்து கால் மட்டும் சில்லென்று இருந்தால் காய்ச்சல் இன்னும் ஏறப்போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

அடுப்படியிலிருந்து நேராக எழுந்து வந்திருந்தால் அவள் தொடவே மாட்டாள். “எனக்கக் கை அடுப்புச் சூடாட்டு இருக்கு, நீ தொட்டுப் பாரு மக்களே” என்று மகளைக் கூப்பிடுவாள். பாத்திரம் கழுவிய ஈரக்கை என்றால் முந்தானையில் துடைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுப்பாள். வெயிலில் விளையாடிவிட்டு வந்த பிள்ளையை உடனே தொட்டு முடிவு சொல்ல மாட்டாள். திண்ணையில் இருத்தி, வியர்வை அடங்கிய பிறகுதான் பார்ப்பாள். அப்போதும் சந்தேகம் தீரவில்லை என்றால் பக்கத்தில் நிற்கும் இன்னொரு பிள்ளையின் நெற்றியையும் தொட்டு, இரண்டையும் ஒத்துப் பார்த்துச் சொல்வாள்.

தொடுகிற கையின் சொந்தச் சூடு, ஈரம், வெயில், தொடும் இடம், காத்திருப்பு, ஒப்பீடு. இன்று நெற்றிக்கு நேரே நீட்டப்படும் அகச்சிவப்புக் கருவி சரியான எண் காட்ட வேண்டுமானால் கவனிக்க வேண்டியவையும் இந்த ஆறும்தான். கையை எடுத்துவிட்டுக் கருவியை வைத்தோம். கையோடு இருந்த பொறுமையையும் சேர்த்து எடுத்துவிட்டோம். அந்தப் பொறுமை கருவிக்கும் வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொட்டறிவது வீட்டுப் பெண்களின் பழக்கமாக மட்டும் இருக்கவில்லை. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடிக்குப் பக்கத்திலேயே ஸ்பரிசமும் இருக்கிறது. தோல் சூடாக இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா, வியர்வை எங்கே, வறட்சி எங்கே என்பதெல்லாம் அதில் அடங்கும். வர்ம ஆசான்கள் நிறைந்த விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் அடிபட்ட மூட்டைத் தடவிப் பார்த்தே வீக்கத்தின் நிலையைச் சொல்லும் கைகள் இன்றும் இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு எண் தெரியாது. வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் சூடு என்பது தெரியும். இந்த ஒப்பீட்டுக்குக் கட்டுரையின் கடைசியில் வேலை இருக்கிறது.

எண் வந்தது மருத்துவமனைகளின் வழியாக. 1838இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கியபோது இந்த மண் திருவிதாங்கூர். அந்தக் காலத்தில் உலகத்தில் எந்த மருத்துவரும் காய்ச்சல் பார்க்க வெப்பமானியைச் சட்டைப்பையில் கொண்டு நடந்ததில்லை. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் கார்ல் வுண்டர்லிக் ஏறக்குறைய 25,000 நோயாளிகளின் அக்குளில் வெப்பமானி வைத்துத் திரட்டிய அளவுகளை 1868இல் புத்தகமாக வெளியிட்டார். 37 டிகிரி செல்சியஸ், அதாவது 98.6 டிகிரி பாரன்ஹீட் என்ற எண் நம் வாய்க்கு வந்தது அவர் வழியாகத்தான். அவருடைய வெப்பமானி ஏறக்குறைய ஓர் அடி நீளம். அக்குளில் 15, 20 நிமிடம் இருக்க வேண்டும். அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் கிளிஃபோர்ட் ஆல்பட் ஆறு அங்குலக் கருவியைச் செய்தார். அதற்கு ஐந்து நிமிடம் போதும். கண்ணாடியும் பாதரசமுமான அந்தச் சின்னக் கருவிதான் பிறகு நெய்யூர் மாதிரி மிஷன் மருத்துவமனைகளுக்கும், நாகர்கோவில் கேத்தரின் பூத் மருத்துவமனை மாதிரி ரட்சணிய சேனை மருத்துவமனைகளுக்கும், ஊர்க் கம்பவுண்டரின் பைக்கும் வந்து சேர்ந்தது.

தெர்மாமீட்டர் வைப்பது ஓர் ஒழுங்கு. மணிக்கட்டைச் சுண்டி உதறிப் பாதரசத்தை 95க்குக் கீழே இறக்க வேண்டும். அக்குளை ஈரம் போகத் துடைக்க வேண்டும். கையை மார்போடு மடக்கி அணைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். வாயில் வைப்பதென்றால் காப்பி குடித்து எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்க வேண்டும். நாகர்கோவில் பக்கத்தில் கருப்பட்டிக் காப்பி குடிக்காத காய்ச்சல்காரரைக் காண்பது அரிது. அதனால் இந்தக் கேள்வியை நர்ஸ் கட்டாயம் கேட்பார். பிறகு வார்டுக் கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் அட்டையில் புள்ளி வைப்பார். காலை ஒரு புள்ளி, மாலை ஒரு புள்ளி. நான்கைந்து நாள் போனால் கோடு தானே பேசும். ஒருநாள் விட்டு ஒருநாள் குத்தி எழுந்து இறங்கினால் மலேரியா. படிப்படியாக ஏறி இறங்காமல் நின்றால் டைபாய்டு என்று மருத்துவர் சந்தேகிப்பார். ஒற்றை எண்ணுக்கு அன்றைக்கு மதிப்பில்லை. எண்களின் வரிசைக்குத்தான் மதிப்பு.

பாதரசத்தின் காலம் முடிந்ததில் தமிழ்நாட்டுக்கு ஒரு கசப்பான பங்கு உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலில் நிறுவப்பட்டது. பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் குவிந்திருந்தது வெளிப்பட்டு, மக்கள் போராடி, 2001இல் ஆலை மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்களுக்கு நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட 2016 ஆகிவிட்டது. உடைந்த தெர்மாமீட்டரிலிருந்து தரையில் ஓடும் வெள்ளி உருண்டைகளை உள்ளங்கையில் உருட்டி விளையாடிய தலைமுறை நாங்கள். அந்த விளையாட்டுப் பொருளைச் செய்த தொழிலாளிகள் என்ன விலை கொடுத்தார்கள் என்பது எங்களுக்கு மிகப் பிந்தித்தான் தெரிந்தது. 2013இல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை பாதரச வெப்பமானிகளின் உற்பத்திக்கு 2020ஐ எல்லையாக வைத்தது. கொரோனா நம் வாசலுக்கு வந்ததும் அதே ஆண்டு.

2020 மார்ச்சில் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில், கேரளத்திலிருந்து வந்த வண்டிகளை நிறுத்தி ஒவ்வொருவர் நெற்றிக்கும் நேரே வெள்ளைத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை நீட்டினார்கள். சில மாதங்களில் அது மார்த்தாண்டம் துணிக்கடை வாசலுக்கும், கோயில் நடைக்கும், தேவாலயப் படிக்கட்டுக்கும், ரேஷன் கடைக்கும் வந்துவிட்டது. பின்னாளில் கேரளத்தில் நிப்பா தலைகாட்டியபோதும் எல்லையில் அதே கருவிதான். இது உடம்புக்குள் ஏதோ கதிரைச் செலுத்துகிறது, மூளைக்குக் கெடுதல் என்று அப்போது பரவிய பேச்சில் உண்மை இல்லை. அது எதையும் அனுப்புவதில்லை. சில கருவிகளில் தெரியும் சிவப்புப் புள்ளி, குறி பார்க்க மட்டும். நம் தோல் இரவும் பகலும் தானாக வெளிவிடும் வெப்பக் கதிரை அது வாங்கிக்கொள்கிறது, அவ்வளவே.

அந்தக் கதிரை முதலில் கண்டவர் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல். 1800இல் முப்பட்டகத்தால் சூரிய ஒளியைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானிதான் மிக அதிகமாக ஏறியது. ஆக, உலகின் முதல் அகச்சிவப்புச் சென்சார் ஒரு சாதாரணக் கண்ணாடி வெப்பமானி. மனிதத் தோலின் கதிர் ஏறக்குறைய 9.4 மைக்ரான் அலைநீளத்தில் உச்சம் கொள்கிறது. கருவிக்குள் இருக்கும் தெர்மோபைல் என்ற நுண்ணிய வெப்பமின் இணைப்புகளின் அடுக்கு, வந்து விழும் கதிரால் ஒரு பக்கம் மட்டும் துளி சூடாகி மைக்ரோவோல்ட் கணக்கில் மின்னழுத்தம் தருகிறது.

இதில் ஒரு முக்கியமான சங்கதி உண்டு. தெர்மோபைல் தோலின் வெப்பத்தைச் சொல்வதில்லை. தோலுக்கும் தனக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்கிறது. ஆகவே தன் சொந்தச் சூடு எவ்வளவு என்று அது முதலில் அறிய வேண்டும். அதற்காக அதே உலோகக் குப்பிக்குள் இன்னொரு சின்ன வெப்பமானி வைத்திருப்பார்கள். இரண்டையும் கூட்டித்தான் எண் வருகிறது. குப்பி முழுவதும் ஒரே சூட்டில் இருந்தால் கணக்குச் சரி. ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்து வந்ததும், வெயில் மேசையில் கிடந்ததும், வியர்த்த உள்ளங்கையில் அரைமணி நேரம் பிடித்திருந்ததும் அந்தக் குப்பியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வேறுவேறு சூட்டுக்குக் கொண்டுபோகும். கணக்கு அங்கேயே கெட்டது. அடுப்படியிலிருந்து வந்த ஆச்சி தன் கையை நம்பாமல் மகளைக் கூப்பிட்டாளே, அதே காரணம். அளக்கும் இடத்திலேயே கருவியை 10 முதல் 30 நிமிடம் வரை சும்மா வைத்து இடத்தின் சூட்டுக்குப் பழக விட வேண்டும். சாவடியில் நீண்ட வரிசை நிற்கும்போது இதற்கு யாருக்கு நேரம்?

அடுத்தது அளக்கப்படும் நெற்றி. நாஞ்சில் நாட்டு நெற்றிகள் ஒரே மாதிரி நிலையில் கருவிக்கு முன் வந்து நிற்பதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஸ்கூட்டரில் வந்தவரின் நெற்றியை முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று அறைந்திருக்கும். தோல் குளிர்ந்து கிடக்கும். ஹெல்மெட்டைக் கழற்றியவரின் நெற்றி வெந்து ஈரமாக இருக்கும். ஒரு நிமிடத்தில் அந்த வியர்வை ஆவியாகிச் சில்லிடும். சுசீந்திரம் கோயிலிலிருந்து வந்தவர் நெற்றியில் சந்தனம். ஈரச் சந்தனம் உலரும்வரை நெற்றியைக் குளிர்விக்கும். உலர்ந்த பின் கருவி பார்ப்பது தோலை அல்ல, சந்தனப் பூச்சை. தலையில் சும்மாடும் மீன்கூடையுமாகக் குளச்சலிலிருந்து நடந்து வரும் அக்காவின் நெற்றி, கூடையை இறக்கிய அந்த நொடியில் உழைப்பின் சூட்டில் இருக்கும். இவர்கள் ஒருவருக்குமே காய்ச்சல் இல்லை. கருவி ஒருவருக்கு 94 என்றும் இன்னொருவருக்கு 99 என்றும் காட்டும். கடை வாசல் நோட்டுகளில் 94.6, 95.2 என்று வரிசையாக எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். 95க்குக் கீழே உடம்பின் உள்வெப்பம் போனால் அது ஆபத்தான குளிர்ச்சி நிலை. அந்த நோட்டின்படி பார்த்தால் கடைக்கு வந்த பாதிப்பேரை மருத்துவமனையில் சேர்த்திருக்க வேண்டும். எண்ணை எழுதினார்கள், எண்ணை யாரும் படிக்கவில்லை.

இதில் கருவியின் குற்றம் பாதிதான். ஆரோக்கியமான மனிதரின் நெற்றித் தோல் சாதாரணமாக 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். உள்ளே 37. கருவி தோலை அளந்து, தனக்குள் எழுதிவைத்த ஒரு கணக்கின்படி கூட்டி, வாயில் வைத்தால் என்ன வருமோ அதை ஊகித்துச் சொல்கிறது. அந்தக் கூட்டல் நிழலான, காற்றோட்டம் அடித்துச் செல்லாத, அதிகக் குளிரும் சூடும் இல்லாத அறையை மனத்தில் வைத்துச் செய்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்தக் கருவிகளுக்குச் சொல்லும் சூழலே 16 முதல் 40 டிகிரிக்குள், ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே, நேர்வெயிலும் காற்றும் படாத இடம் என்பது. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் குளச்சல் கடற்கரையின் ஈரப்பதம் இந்த எல்லையைத் தாண்டும் நாள்கள் பல.

இன்னொன்று, காய்ச்சல் ஏறும் முதல் கட்டத்தில் உடம்பு தோலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. குளிர் எடுத்து நடுங்கும் நேரம் அது. உள்ளே சூடு ஏறிக்கொண்டிருக்க, நெற்றியும் கைகாலும் குளிர்ந்திருக்கும். நெற்றியை மட்டும் பார்க்கும் கருவி அந்த ஆளை நன்றாக இருக்கிறார் என்று அனுப்பிவிடும். வயிற்றையும் உள்ளங்காலையும் சேர்த்துத் தொட்ட ஆச்சிக்கு இந்தத் தவறு நேராது.

2003இல் சார்ஸ் நோய் பரவியபோது சிங்கப்பூர் விமான நிலையத்தில் வெப்பக் கேமராக்களை நிறுத்தினார்கள். வேலைக்குப் போய்வந்த நம்மவர்கள் பலர் அந்தக் கேமரா முன் நடந்திருக்கிறார்கள். அதன்பின் இத்துறைக்கு வகுத்த சர்வதேசத் தர விதிகள் நெற்றியைச் சொல்லவில்லை. மூக்கை ஒட்டிய கண்ணின் உள்மூலையைச் சொல்கின்றன. அங்கே இரத்தம் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. காற்றும் வியர்வையும் குறைவாகவே தீண்டும். கண்ணாடியைக் கழற்ற வேண்டும், ஒவ்வொருவராக நிற்க வேண்டும், வெப்பம் துல்லியமாகத் தெரிந்த கறுப்புத் தகடு ஒன்று கேமராவின் பார்வைக்குள் இருக்க வேண்டும். பக்கத்துப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டு ஒத்துப் பார்த்தது இங்கே கறுப்புத் தகடாகத் திரும்பி வந்திருக்கிறது.

இப்போது நம் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம். எம்எல்எக்ஸ் 90614 என்ற பெல்ஜிய நிறுவனத்துச் சென்சாரை வாங்கி, ஆர்டுயினோவில் இணைத்து, காய்ச்சல் காட்டும் கருவி செய்யாத வகுப்பு 2020க்குப் பின் இருக்காது. கண்காட்சியில் வைத்தால் 33 காட்டும். உடனே மூன்றரையைக் கூட்டி 36.5 ஆக்கிவிடுவார்கள். அப்படிச் செய்யக் கூடாது. காலையில் கூட்டியது நண்பகலில் பொருந்தாது.

முதலில் பார்வைக் கோணத்தைப் பாருங்கள். சாதாரண வகையின் கோணம் 90 டிகிரி. 5 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் அது 10 சென்டிமீட்டர் அகல வட்டத்தைப் பார்க்கும். எந்த நெற்றியும் அவ்வளவு உயரமில்லை; முடியும் புருவமும் பின்சுவரும் சேர்ந்து சராசரியாகும். இந்தப் பார்வைக் கூம்புக்கு வெளியிலிருந்தும் கொஞ்சம் கதிர் வரும். ஆகவே 2 சென்டிமீட்டருக்குள் கொண்டுவர வேண்டும், அல்லது லென்ஸ் வைத்த குறுகிய கோண வகையை வாங்க வேண்டும். அழகுக்காக முன்னால் அக்ரிலிக் மூடி போடாதீர்கள். கண்ணாடியும் அக்ரிலிக்கும் இந்தக் கதிருக்குச் சுவர். சென்சார் மூடியின் சூட்டைத்தான் சொல்லும். சென்சாரை ஒட்டி வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் இருந்தால் அதன் சூடு குப்பியில் ஏறும். கம்பி நீட்டித் தள்ளி வையுங்கள். சாதாரண வகையின் துல்லியம் அரை டிகிரிதான்; 36 முதல் 38 வரை 0.2 டிகிரிக்குள் சொல்லும் மருத்துவ வகை தனி.

ஒரு பரப்பு தன் வெப்பக் கதிரை எவ்வளவு முழுமையாக வெளிவிடுகிறது என்ற உமிழ்திறனைப் பற்றித்தான் எல்லாரும் அதிகம் கவலைப்படுகிறார்கள். தோலின் உமிழ்திறன் ஏறக்குறைய 0.98, அது கறுப்புத் தோலானாலும் வெள்ளைத் தோலானாலும் மாறுவதில்லை என்று ஹார்டி என்ற அறிவியலாளர் 1934இலேயே காட்டிவிட்டார். சென்சார் 1 என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், 25 டிகிரி அறையில் 34 டிகிரித் தோலுக்கு வரும் பிழை 0.2 டிகிரிக்கும் குறைவு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அறையே 32 இருக்கும்போது பிழை இன்னும் சுருங்கிவிடும். தூரமும் காற்றும் வியர்வையும் கெடுப்பதற்கு முன் இது பொருட்டே அல்ல.

உமிழ்திறன் எங்கே உண்மையில் பெரிய ஆள் என்று பார்க்க அடுக்களைக்குப் போக வேண்டும். பளபளக்கும் எவர்சில்வர் செம்பில் கொதிநீரை ஊற்றி வெளிப்பக்கத்தை அளந்தால், கருவி அறைச் சூட்டை ஒட்டிய ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். மின்கம்பியில் சுற்றும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை அதே செம்பில் ஒட்டி, டேப்பைக் குறி பார்த்தால் எண் எகிறும். செம்பின் சூடு மாறவில்லை. பளபளப்பு அறையின் கதிரைப் பிரதிபலித்துக் கருவியை ஏமாற்றியது. இதையே சோதனைக்கும் வைத்துக்கொள்ளலாம். செம்பில் 37 டிகிரி வெந்நீர், உள்ளே நம்பகமான வெப்பமானி, வெளியே டேப், விடாமல் கலக்கிக்கொண்டே அளப்பது. நீரின் மேற்பரப்பை நேராக அளக்கக் கூடாது. அது ஆவியாகிக் குளிர்ந்துகொண்டே இருக்கும்.

நீரின் மேற்பரப்பு என்றதும் நம் கடல் நினைவுக்கு வருகிறது. ஹைதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் மீனவர்களுக்கு மீன்வளம் வாய்ப்புள்ள பகுதிகளை அறிவிக்கிறது. சின்னமுட்டம், குளச்சல் துறைகளுக்கும் அது வருகிறது. அந்த அறிவிப்பின் அடிப்படைகளில் ஒன்றான கடலின் வெப்பத்தைச் செயற்கைக்கோள் இதே அகச்சிவப்புக் கதிரால்தான் பார்க்கிறது. அது பார்ப்பது கடலின் தோலை மட்டும், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே கனமுள்ள மேல்படலத்தை. அந்தப் படலம் அடியிலுள்ள நீரைவிடப் பெரும்பாலும் சற்றுக் குளிர்ந்திருக்கும். கடலறிவியலாளர்கள் வானத்து எண்ணை அப்படியே நம்பியதில்லை. மிதவைகளில் கட்டிய வெப்பமானிகள் நீருக்குள் இருந்து சொல்லும் எண்ணோடு ஒத்துப் பார்த்துத்தான் திருத்துகிறார்கள். மேகம் மூடினால் பார்வையும் போய்விடும். கடலுக்குச் செய்யும் இந்த மரியாதையைச் சாவடியில் நின்ற மனித நெற்றிக்கு நாம் செய்யவில்லை.

நெற்றியில் தடுமாறும் இந்தக் கருவி பாதத்தில் அருமையாக வேலை செய்கிறது. என் மனம் இதில்தான் அதிகம் தங்குகிறது.

1914இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை, உணர்ச்சி போனதால் காயம் தெரியாமல் மீண்டும் மீண்டும் அடிபட்டுத்தான் தேய்கின்றன என்று காட்டியவர். வலி இல்லாத பாதத்தில் புண் திறப்பதற்கு முன்பே அந்த இடம் சூடாகிறது. பிராண்ட் கையால் தடவிச் சூடான இடத்தைத் தேடுவார். பிறகு அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனைக்குப் போனபோது அதே தேடலை வெப்பப்படக் கருவியால் செய்தார். நம் குமரி மாவட்டத்திலும் நெய்யூர் மருத்துவப் பணியோடு சேர்ந்த தொழுநோய் மருத்துவமனை குளச்சல் அருகே உடையார்விளையில் உண்டு. உணர்ச்சியற்ற பாதத்தின் துயரம் இங்கே புதிதல்ல.

இன்று அதே துயரம் சர்க்கரை நோயின் வழியாக வருகிறது. பாதத்தில் உணர்ச்சி மங்கியவர் உச்சிவேளையில் கோயில் பிரகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு நடப்பார், சுடுவது தெரியாது. வரப்பில் முள் குத்தினால் தெரியாது. புதுச் செருப்புக் கடித்தது இரவில் துணியில் கறை பார்த்துத்தான் தெரியும். அமெரிக்காவில் லேவரி, ஆம்ஸ்ட்ராங் முதலான மருத்துவர்கள், புண் வரும் ஆபத்துள்ள சர்க்கரை நோயாளிகளிடம் அகச்சிவப்பு வெப்பமானியைக் கொடுத்துத் தினமும் இரு பாதங்களிலும் ஆறு ஆறு இடங்களை அளக்கச் சொன்னார்கள். ஒரே இடத்தில் இரு கால்களுக்கும் 4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 2.2 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இரண்டு நாள் நீடித்தால் நடையைக் குறைத்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். 2007இல் வெளியான ஆய்வில் 173 பேரை 15 மாதம் தொடர்ந்தார்கள். வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 29.3 சதவீதம் பேருக்குப் புண் வந்தது. வெப்பம் பார்த்துக்கொண்டவர்களில் 8.5 சதவீதம்.

நெற்றியில் தோற்ற கருவி இங்கே வெல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே கேட்பது உடம்புக்குள் என்ன சூடு என்பதல்ல. தோலின் சூடே கேள்வி. கூட்டல் ஊகம் எதுவும் தேவையில்லை. கருவி ஒரு டிகிரி கூடுதலாகக் காட்டினாலும் இரண்டு காலுக்கும் அதே ஒரு டிகிரி கூடும், கழித்தால் போய்விடும். அறையின் சூடும் ஈரமும் இரண்டு காலுக்கும் ஒன்றே. ஆசான் வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் தடவி ஒத்துப் பார்ப்பதும் இந்தக் கழித்தல்தான். இரண்டு பாதமும் ஒருசேர வீங்கியிருந்தாலோ, ஒரு காலுக்கு இரத்த ஓட்டம் குறைந்திருந்தாலோ இந்த ஒப்பீடு தவறும். அங்கே மருத்துவரின் கண்ணும் கையும் வேண்டும்.

2020இல் வாங்கிய கருவிகள் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் கடைகளிலும் அலமாரிக்குள் கிடக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அவர்கள் பையில் இந்தக் கருவிக்கும் ஓர் இடம் கொடுக்கலாம் என்பது என் வேண்டுகோள். பேட்டரியை மாற்றி, உடம்பு என்றிருக்கும் முறையிலிருந்து மேற்பரப்பு முறைக்கு மாற்ற வேண்டும். உடம்பு முறையில் பாதத்தின் 29, 30 டிகிரியை அது ஏற்காது. எண்ணுக்குப் பதில் குறைவு என்றுதான் காட்டும். செருப்பைக் கழற்றி, காலைத் துடைத்து, பாயில் நீட்டி இருக்கச் சொல்லிக் கால்மணி நேரம் விட வேண்டும். அந்த நேரத்தில் சர்க்கரையும் அழுத்தமும் பார்த்து முடித்துவிடலாம். பெருவிரல், அதன் அடிமேடு, நடு அடிமேடு, சுண்டுவிரல் பக்கத்து அடிமேடு, பாதத்தின் நடு, குதிகால் என்று இடது, வலது, இடது, வலது என மாறி மாறி, ஒரே தூரத்தில் வைத்து அளந்து நோட்டில் எழுத வேண்டும். பன்னிரண்டு எண்கள். அடுத்த வருகையில் அதே பன்னிரண்டு. நெய்யூர் வார்டின் கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டை மாதிரி, அந்த நோட்டையும் யாராவது ஒருவர் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்.